குங்ஃபூவில் ‘பரம்பரை’ என்றால் என்ன? இப் மானை வைத்து ஓர் அறிமுகம்

விங் சுன் என்ற குங்ஃபூ வகையைக் கற்றுத்தரும் பள்ளிகள் பலவற்றில் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். நீண்ட சீன அங்கி, ஒல்லியான உடம்பு, முன்தலை வழுக்கை, சண்டைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாத சாதுவான முகம். அவர்தான் இப் மான். அவருக்குக் கீழே அவருடைய மாணவர், அதற்கும் கீழே அந்த மாணவரின் மாணவர் என்று படங்கள் இறங்கி வரும். கடைசிப் படம் உங்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறவருடையது. சேர வந்தவருக்கு முதலில் இந்த வரிசையைத்தான் சொல்வார்கள். மாதக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்தான்.

பரம்பரை என்று அவர்கள் சொல்வது இந்த வரிசையை. ரத்த உறவு இதற்குத் தேவையில்லை. யார் யாரிடம் கற்றார் என்பதுதான் கணக்கு. கர்நாடக சங்கீதத்தில் பாடாந்தரம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கீர்த்தனை ஒன்றுதான், ராகமும் தாளமும் ஒன்றுதான். ஆனால் ஒரு சங்கதியை இந்தக் குருவிடம் கற்றவர் ஒரு விதமாகவும் அந்தக் குருவிடம் கற்றவர் வேறு விதமாகவும் பாடுவார். விஷயம் தெரிந்தவர் இரண்டு வரி கேட்டதுமே அது யார் வழி என்று சொல்லிவிடுவார்.

இதை விளக்க இப் மானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றிக் கிடைப்பது பெரும்பாலும் வாய்வழிக் கதை. அவருக்குப் பிந்தைய தலைமுறைகளுக்குப் புகைப்படம், கடிதம், பேட்டி, திரைச்சுருள் என்று சான்றுகள் இருக்கின்றன. ஒரு பரம்பரையில் எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. 2008இல் டோனி யென் நடித்து வெளிவந்த ‘இப் மான்’ படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்திருந்தால், அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஜப்பானியத் தளபதியோடு மேடையில் மோதி, குண்டடி பட்டு, ஹாங்காங்குக்குத் தப்பியதெல்லாம் திரைக்கதை. உண்மையில் அவர் ஹாங்காங் போனது போர் முடிந்து நான்கு வருடம் கழித்து. காரணமும் வேறு.

தொட்டால்தான் தெரியும்

விங் சுன் தென்சீனத்தின் குவாங்டாங் பகுதிக் கலை. மிக நெருக்கத்தில் நின்று, பெரும்பாலும் கைகளால் போடும் சண்டை. எகிறி உதைப்பது, அந்தரத்தில் சுழல்வது எல்லாம் கிடையாது. மூக்கு, தொண்டை, நெஞ்சுக்குழி, தொப்புள் வழியாக உடம்பின் நடுவே ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். தன் கோட்டைக் காப்பதும் எதிராளியின் கோட்டைக் குறுக்கு வழியில் போய்த் தாக்குவதும்தான் இதில் முக்கியம். தடுத்துவிட்டுப் பிறகு அடிப்பது என்று இரண்டு வேலையாகச் செய்யாமல், ஒரு கை தடுக்கும்போதே மறு கை அடித்துவிட வேண்டும்.

பாடத்திட்டம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. சியு நிம் டாவ், சும் கியு, பியு ஜி என்று மூன்று வெறுங்கை வரிசைகள். பிறகு மூன்று கைகளும் ஒரு காலும் நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பொம்மையில் பயிற்சி. ஆயுதம் என்றால் ஒரு நீளக் கம்பும் ஒரு ஜோடிக் கத்தியும். அவ்வளவுதான். முதல் வரிசையான சியு நிம் டாவில் காலை எடுத்து வைப்பதே கிடையாது. முழங்கால்களை உள்நோக்கி மடித்து, நின்ற இடத்தில் நின்றபடி, கைகள் மட்டும் மெதுவாகப் போய்வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்தக் கலையின் உயிர் வரிசைகளில் இல்லை. சி சாவ் என்ற இருவர் பயிற்சியில் இருக்கிறது. எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கை எதிராளியின் கைக்கு மேலே, ஒரு கை கீழே. ஒட்டியது விலகாமல் நான்கு கைகளும் உருண்டுகொண்டே இருக்கும். அழுத்தம் கூடினால் வழிவிட வேண்டும், விட்டுப்போனால் உடனே உள்ளே நுழைய வேண்டும். கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரம் கிடையாது. எதிராளியின் முழங்கை ஒரு விரல் அகலம் வெளியே விலகினால் அதை உங்கள் மணிக்கட்டு உணர்ந்து, கை தானே முன்னால் போயிருக்க வேண்டும். தேர்ந்த ஒருவரோடு செய்து பார்த்தால் விசித்திரமாக இருக்கும். அவர் தள்ளியதாகவே தெரியாது. ஆனால் உங்கள் இரண்டு கைகளும் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கும், அவருடைய உள்ளங்கை உங்கள் நெஞ்சில் இருக்கும்.

இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது? “முழங்கை தாழ்ந்திருக்க வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும்” என்று எழுதலாம். எவ்வளவு தளர்வு என்பதை ஆசிரியரின் கை உங்கள் கைமேல் பட்டால்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த ஆசிரியருக்கும் தன் ஆசிரியரின் கை பட்டுத்தான் தெரிந்திருக்கும். பரம்பரை பரம்பரை என்று இவர்கள் அடித்துக்கொள்வதில் பெருமை பேசுவதும் நிறைய உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அடியில் இருக்கும் நியாயம் இதுதான்: கையிலிருந்து கைக்கு மட்டுமே போகக்கூடிய ஒன்று எத்தனை கைகள் வழியாக, யார் யார் கை வழியாக உங்களிடம் வருகிறது என்ற கேள்வி.

இப் மானுக்கு முன்னால்

விங் சுன் எப்படித் தோன்றியது என்பதற்கு இப் மான் தன் கைப்பட எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு சங்கம் தொடங்கும் எண்ணத்தில் எழுதியது. அதன்படி, சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷி காலத்தில் (1662–1722) ஷாவோலின் மடம் எரிக்கப்படுகிறது. தப்பிய பௌத்தத் துறவினி இங் முய் ஒரு மலையடிவாரத்தில் தங்குகிறார். அங்கே தோஃபு விற்றுப் பிழைக்கும் ஒருவருடைய மகள் யிம் விங் சுன். ஊர் ரவுடி ஒருவன் அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறான். துறவினி அவளுக்குச் சண்டை கற்றுத்தருகிறார், அவள் அவனை அடித்து வீழ்த்துகிறாள். பிறகு தன் கணவர் லியுங் பாக்-சாவுக்கு அதைக் கற்றுத்தருகிறாள். அவர் வழியாக இன்னொருவருக்கு, அவர் வழியாகச் செம்படகு நாடகக் குழுவைச் சேர்ந்த வாங் வா-போவுக்கு வருகிறது.

அருமையான கதை. ஆனால் ஷாவோலினை சிங் அரசு எரித்தது என்பதற்கு வரலாற்றில் ஆதாரமில்லை. இங் முய் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியான ஒரு சாகச நாவலில் வருகிறது. தென்சீனத்தின் பல சண்டைக் கலைகள் தங்கள் மூலத்தை இதே எரிந்த மடத்தில்தான் கொண்டுபோய் முடிச்சுப் போடுகின்றன. பழைய அரசைக் கவிழ்க்க நினைத்த ரகசியச் சங்கங்களிடமும் இதே மாதிரியான கதை இருந்தது.

இந்த இடத்தில் நம்மவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஷாவோலினுக்குச் சண்டை கற்றுக்கொடுத்ததே காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே? போதிதர்மரைத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்மையிலேயே உண்டு. அவரைப் பாரசீகர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. ஆனால் அவரை உடற்பயிற்சியோடும் சண்டையோடும் சேர்த்தது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூல். பெருமைப்பட நமக்கு வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன, இதை விட்டுவிடலாம்.

செம்படகுகளுக்கு வந்தால் தரை கொஞ்சம் கெட்டியாகிறது. குவாங்டாங்கின் நாடகக் குழுக்கள் ஆற்று வழியாக ஊர் ஊராகப் போனது உண்மை. படகுகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள். நடிகர்கள் மேடைச் சண்டைக்காக உடம்பைப் பழக்கி வைத்திருப்பவர்கள். 1854இல் அரசுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது லீ வென்மாவ் என்ற நடிகரே ஒரு படைக்குத் தலைமை தாங்கினார். பதிலுக்கு அரசு நாடகத்தைத் தடை செய்தது, ஃபோஷான் நகரத்தில் இருந்த நடிகர் சங்கக் கட்டடத்தையும் அழித்தது. நடிகர்கள் சிதறினார்கள். இந்தப் பின்னணியில், ஃபோஷான் நகரத்து மருத்துவர் ஒருவருக்கு நாடகக்காரர்களிடமிருந்து சண்டைக் கலை கிடைத்தது என்றால் நம்புவதில் சிரமம் இல்லை.

அந்த மருத்துவர் லியுங் ஜான். ஃபோஷானில் மூலிகை மருந்துக் கடை வைத்திருந்தவர். விங் சுன் பரம்பரையில் ஊர், தொழில், மாணவர்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும் முதல் மனிதர் என்று இவரைச் சொல்லலாம். இவரிடம் கற்றவர் சான் வா-சுன். காசு மாற்றும் தொழில் செய்தவர் என்பதால் ‘காசு மாற்றும் வா’ என்றே ஊரில் பெயர். நல்ல திடகாத்திரமான ஆள். மருத்துவர் பாடம் நடத்துவதைக் கதவிடுக்கில் பார்த்துக் கற்றார் என்றும் சொல்வார்கள். உலகத்தில் எந்தச் சண்டைக் கலையை எடுத்தாலும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

லியுங் ஜான் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வயதான பிறகு மருந்துக் கடையை விட்டுத் தன் சொந்த ஊரான கூலாவ் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே சிலருக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஃபோஷானில் கொடுத்த நீண்ட வரிசைகளை அங்கே கொடுக்கவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக, தனித்தனி அசைவுகளாகக் கற்றுக்கொடுத்தார். கூலாவில் இன்றைக்கும் அது தனிக் கிளை. ஒரே ஆசிரியர், இரண்டு ஊர், இரண்டு பாடம். இதில் எது ‘அசல்’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இதே சங்கதி இப் மான் காலத்தில் இன்னும் பெரிய அளவில் நடக்கப்போகிறது.

பணக்கார வீட்டுப் பையன்

இப் மான் 1893ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி ஃபோஷானில் பிறந்தார். வசதியான குடும்பம். சான் வா-சுன் பாடம் நடத்த இடம் தேடியபோது இப் குலத்தாரின் மண்டபத்தை எடுத்துக்கொண்டார். அப்படித்தான் இந்தப் பையன் அவரிடம் வந்து சேர்ந்தான். எந்த வயதில் என்பதில் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். ஆசிரியருக்கு அப்போதே முதுமை. இப் மான்தான் அவர் ஏற்றுக்கொண்ட கடைசி மாணவர். சில வருடங்களில் சான் வா-சுன் இறந்துவிட, மூத்த மாணவரான இங் சுங்-சோவிடம்தான் பையன் மீதியைக் கற்றான்.

ஆக, சுவரில் “சான் வா-சுன், அவருக்குக் கீழே இப் மான்” என்று கோடு நேராக இறங்கினாலும், கைமேல் கை வைத்து அதிகம் பழகியது அண்ணன் முறை வரும் ஒருவரோடு. இது அபூர்வம் அல்ல. பரம்பரைப் பட்டியல்களில் ஆசிரியர் பெயர் இருக்கும், உண்மையில் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவர் பெயர் காணாமல் போயிருக்கும்.

பதின்ம வயதில் ஹாங்காங் போய் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்தார். அங்கே ஒரு முதியவரோடு மோதி, தொடக்கூட முடியாமல் தோற்றாராம். விசாரித்தால் அவர் மருத்துவர் லியுங் ஜானின் மகன் லியுங் பிக் என்று தெரிந்ததாம். அவரிடம் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாராம். இப் மானின் பிள்ளைகள் வழியில் இது உறுதியாகச் சொல்லப்படுகிறது. விங் சுன்காரர்களிலேயே பலர் இதை நம்புவதில்லை. எனக்கும் சந்தேகம்தான். இந்தக் கதை இப் மானை ஒரு தலைமுறை மேலே தூக்கி, சான் வா-சுன் வழியைச் சுற்றிக்கொண்டு நேராக லியுங் ஜான் வீட்டுக்கே கொண்டுபோய்விடுகிறது. அவ்வளவு வசதியாக ஒரு கதை அமைந்தால் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

ஃபோஷான் திரும்பியவர் பள்ளி எதுவும் நடத்தவில்லை. சொத்து இருந்தது, கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கும் நிலை இல்லை. 1938 அக்டோபரில் ஃபோஷான் ஜப்பானியர் கைக்குப் போனதும் வசதியெல்லாம் கரைந்தது. அந்தப் போர்க் காலத்தில்தான், நண்பர் ஒருவரின் பருத்தி ஆலையில் சில இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குவோக் ஃபூ, லுன் காய் போன்ற அந்த மாணவர்கள் கடைசிவரை சீனாவிலேயே இருந்தார்கள். போர் முடிந்ததும் தேசியவாத அரசின் காவல் துறையில் வேலை பார்த்தார். 1949இல் கம்யூனிஸ்டுகள் வென்றபோது, பழைய அரசின் போலீஸ்காரருக்கு ஊரில் இருப்பது பாதுகாப்பில்லை. மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டு ஹாங்காங் போனார். மனைவி சியுங் விங்-சிங் 1960இல் ஃபோஷானிலேயே இறந்தார்.

பிழைப்புக்காகக் கற்றுக்கொடுத்தவர்

ஹாங்காங் அப்போது அகதிகளால் நிரம்பி வழிந்த ஊர். கையில் காசில்லாமல் வந்து சேர்ந்த இப் மானுக்கு கௌலூனில் இருந்த உணவக ஊழியர் சங்கத்தில் 1950இல் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 56. முழுநேர ஆசிரியராக அவர் வாழ்க்கை தொடங்குவது அப்போதுதான். அந்தச் சங்கத்தில் இருந்த லியுங் ஷியுங் ஏற்கெனவே வேறு குங்ஃபூக்கள் தெரிந்த, பெரிய உடம்புக்காரர். இந்த ஒல்லிக் கிழவரின் கையோடு கை வைத்துப் பார்த்துவிட்டு முதல் மாணவராகச் சேர்ந்தார்.

கட்டணம் கட்டும் மாணவர் இருந்தால்தான் வாடகை கொடுக்க முடியும் என்ற நிலை பாடத்தையும் மாற்றியது. ஐம்பூதம், எண்திசை என்ற பழைய தத்துவச் சொற்களை இப் மான் விட்டுவிட்டார். நகரத்து இளைஞர்களுக்கு அது ஏறாது. அசைவு ஏன் இப்படி, கோணம் ஏன் இப்படி என்று நேராகச் சொன்னார். ஃபோஷானில் தரையில் குழி தோண்டி நட்ட மரப்பொம்மை, ஹாங்காங்கின் மாடிக் குடியிருப்பில் இரண்டு சட்டங்களில் மாட்டப்பட்டுச் சுவரோரம் நின்றது. பொம்மை வரிசையில் எத்தனை அசைவுகள் என்பதும் காலப்போக்கில் மாறியது. 108 என்று கற்றவர்களும் இருக்கிறார்கள், 116 என்று கற்றவர்களும் இருக்கிறார்கள். இருவருமே அவரிடம்தான் கற்றார்கள்.

மாணவர்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். ஷூ ஷாங்-டின் அந்த ஊழியர் சங்கத்தில் வேலை பார்த்தவர், தொடக்க கால மாணவர். முதல் வரிசையான சியு நிம் டாவையே திரும்பத் திரும்பச் செய்து, உடம்பைத் தளர்த்துவதிலேயே முழுக் கலையும் இருக்கிறது என்று கண்டுகொண்டவர். ‘சியு நிம் டாவ் ராஜா’ என்றே அவருக்குப் பெயர் வந்தது. வாங் ஷுன்-லியுங் அதற்கு நேர் எதிர். முதலில் குத்துச்சண்டை பழகியவர். 1950களில் ஹாங்காங்கின் பல்வேறு குங்ஃபூப் பள்ளி இளைஞர்கள் மொட்டைமாடிகளில் பந்தயம் கட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அதில் பேர்போன ஆள் இவர். அடி படும்போது வேலை செய்யாத அசைவு எதற்கு என்பது அவர் கட்சி. இந்த இருவரின் மாணவர்களையும் இன்றைக்கு அருகருகே நிற்கவைத்தால் ஒரே கலை என்று புதியவருக்குத் தோன்றாது. இருவருடைய சுவரிலும் மேலே இருப்பது அதே அங்கிக்காரர் படம்.

ஆளுக்கு ஏற்றபடி கற்றுக்கொடுப்பவர் இப் மான் என்பதை அவரிடம் கற்ற பலரும் சொல்லியிருக்கிறார்கள். விளக்கம் கேட்டால் நிறையப் பேசமாட்டார். பிடித்தவனுக்கு அதிகம், மற்றவர்களை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உலகத்துக்கே தெரிந்த அவருடைய மாணவர் புரூஸ் லீயும் அப்படித்தான். 1950களின் நடுவில் பதின்ம வயதில் சேர்ந்து, 1959இல் அமெரிக்கா போய்விட்டார். முழுப் பாடத்தையும் முடிக்கவில்லை. அவரைக் கையோடு கை பழக்கியதில் பெரும் பங்கு வாங் ஷுன்-லியுங்குக்கு. 1970இல் வாங்குக்கு எழுதிய கடிதத்தில் லீயே அதற்கு நன்றி சொல்கிறார். புரூஸ் லீயின் ஆசிரியர் இப் மான் என்பது சரி. அந்த ஒரு வரிக்குள் இன்னொரு ஆள் மறைந்திருக்கிறார் என்பதும் சரி.

இடைவெளி இருக்கும் இடத்தில் உரிமைக் கோரிக்கை முளைக்கும். வில்லியம் சியுங் என்ற மாணவர் பிற்காலத்தில், இப் மான் தனக்கு மட்டும் ரகசியமாக மூல வடிவத்தைக் கொடுத்தார், மற்றவர்களுக்குக் கிடைத்தது மாற்றிய வடிவம் என்று அறிவித்தார். மற்ற மாணவர்கள் அதை ஏற்கவில்லை. கடைசியாக ஏற்றுக்கொண்ட சீடர் யார் என்பதிலும் பெரிய சர்ச்சையே நடந்தது. கடைசிச் சீடருக்கு மிச்சம் வைத்திருந்த எல்லாவற்றையும் குரு கொடுத்துவிடுவார் என்பது சீனக் குங்ஃபூவில் பழைய நம்பிக்கை. அதனால்தான் அந்த இடத்துக்கு அத்தனை போட்டி.

பிள்ளைகள்? இப் சுன் (1924இல் பிறந்தவர்), இப் சிங் (1936–2020) இருவரும் அப்பாவோடு வந்து சேர்ந்தது 1962இல். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே சேர்ந்த மாணவர்கள் அதற்குள் ஆசிரியர்களாகிவிட்டார்கள். இப் சுன் சிறுவயதில் அடிப்படையைத் தொட்டிருந்தாலும் முறையாகக் கற்கத் தொடங்கும்போது நாற்பதை நெருங்கியவர். அப்பாவின் கடைசிப் பத்து வருடங்களில் கூடவே இருந்தவர்கள் என்ற பலம் பிள்ளைகளுக்கு. தெம்பாக இருந்த ஐம்பதுகளில் அவர் கையைத் தொட்டவர்கள் என்ற பலம் மூத்த மாணவர்களுக்கு.

அண்ணன், சித்தப்பா, பெரியப்பா

பள்ளிக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் முறை தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். ஆசிரியர் சிஃபு. முன்னால் சேர்ந்தவர் சிஹிங், அதாவது அண்ணன். பின்னால் சேர்ந்தவர் சிடாய், தம்பி. ஆசிரியரின் ஆசிரியர் தாத்தா முறை, சிகுங். ஆசிரியருக்கு முன்பு சேர்ந்த அவருடைய சகமாணவர் சிபாக், பெரியப்பா. பின்பு சேர்ந்தவர் சிசுக், சித்தப்பா. வயதுக்கு இதில் வேலை இல்லை. சேர்ந்த தேதிதான் கணக்கு. ஐம்பது வயதில் சேர்ந்த வங்கி அதிகாரி இருபது வயதுப் பையனை அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

இந்தக் குடும்பத்துக்குள் முறைப்படி நுழைய ஒரு சடங்கு உண்டு. மாணவர் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தேநீர்க் கோப்பையை நீட்டுவார். ஆசிரியர் வாங்கிக் குடித்தால் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். சிவப்பு உறையில் காணிக்கையும் கொடுப்பார்கள். கட்டணம் கட்டிப் படிப்பவர் மாணவர், தேநீர் கொடுத்தவர் சீடர். பரம்பரைப் பட்டியலில் பெயர் ஏற இந்த வேறுபாடு முக்கியம். ஆனால் தேநீர் கொடுத்தவருக்குத்தான் கலை கைவந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப் மான் வழிதான் முழு விங் சுன் என்றும் எண்ண வேண்டாம். கூலாவ் கிளையை ஏற்கெனவே பார்த்தோம். ஃபோஷானிலேயே யுவென் கே-சான், அவருடைய மாணவர் சும் நுங் என்று தனி வழி ஒன்று இருக்கிறது. ஹாங்காங்கும் புரூஸ் லீயின் புகழும் சேர்ந்து ஒரு கிளையை உலகமெங்கும் கொண்டுபோய்விட்டன, அவ்வளவுதான்.

பட்டியலை எப்படிப் படிப்பது

ஒரு பள்ளியின் சுவரைப் பார்த்ததும் புதியவர்கள் எண்ணுவது, இப் மானுக்கும் நமக்கும் இடையில் எத்தனை பேர் என்பதை. அந்த எண்ணிக்கை அதிகம் சொல்லாது. ஆறு மாதம் அவரிடம் நேரில் படித்தவரும் ‘நேரடி மாணவர்’தான், பத்து வருடம் படித்தவரும் ‘நேரடி மாணவர்’தான். கேட்க வேண்டியது வேறு. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? தினமும் கை பழகியது ஆசிரியரோடா, மூத்த மாணவரோடா? மூன்று வரிசைகளில், பொம்மையில், ஆயுதங்களில் எதுவரை கற்றார்? நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். “கம்பு வரிசையை என் சிஃபுவிடம் கற்கவில்லை, என் சிபாக்கிடம் கற்றேன்” என்று யாராவது சொன்னால் பட்டியலில் ஓட்டை என்று நினைக்காதீர்கள். அவரை நம்பலாம் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

இந்த விவாதங்களைத் தீர்க்கும் என்று பலர் நம்பும் ஒரு சான்று இருக்கிறது. 1972இல், தொண்டைப் புற்றுநோய் முற்றியிருந்த நிலையில், இப் மான் தன் வீட்டில் செய்து காட்டியதை 8 மில்லிமீட்டர் சுருளில் படம் பிடித்தார்கள். ஒலி கிடையாது. உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கிறது. சியு நிம் டாவ், சும் கியு, மரப்பொம்மை ஆகியவற்றைச் செய்கிறார். அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். இன்றைக்கும் எந்தக் கிளையாரோடு வாதாடினாலும் இந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். தங்கள் வரிசையோடு பொருந்தும் இடத்தில் “பார், சிகுங்கே இப்படித்தான் செய்கிறார்” என்பார்கள். பொருந்தாத இடத்தில் “பாவம், நோயாளி, நிலைதடுமாறியிருக்கிறார்” என்பார்கள். இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்.

பியு ஜியும் கம்பும் கத்தியும் அந்தச் சுருளில் இல்லை. இரட்டைக் கத்தியை இப் மான் கற்றுக்கொடுத்ததே மிகச் சிலருக்கு. அதனால் கிளைக்குக் கிளை அதிகம் வேறுபடுவது கத்தி வரிசைதான். புதிதாகச் சேர்பவர் அதை நினைத்து இப்போதைக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்தக் கிளையாக இருந்தாலும் முதலில் சியு நிம் டாவ்தான், காலை நகர்த்தாமல்.